மூளைப் புற்றுநோய்: 20 ஆண்டுகளாக ஒரே மாத்திரையே முதல் மருந்தாக இருப்பது ஏன்?

அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். சரியாக 9 ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்ட் 25 அன்று இன்னொரு மூத்த செனட்டரான ஜான் மெக்கெய்ன் காலமானார். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. அரசியலில் எதிரெதிர் அணியில் இருந்தாலும், இருவரின் உயிரையும் பறித்தது மூளையில் உருவாகும் 'கிளையோமா' வகைப் புற்றுக்கட்டிதான்.

நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு கென்னடி 15 மாதங்கள் உயிரோடு இருந்தார். மெக்கெய்ன் 13 மாதங்கள்.

பணத்துக்கோ, நல்ல மருத்துவமனைக்கோ, நிபுணர்களுக்கோ இருவருக்கும் குறைவில்லை. இடையில் 9 ஆண்டுகள் ஓடியும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ரத்தப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் போன்றவற்றுக்குப் புதுப்புது மருந்துகள் வந்துகொண்டிருக்கும்போது, மூளைப் புற்றுநோயில் மட்டும் ஏன் இந்தத் தேக்கம்? இப்போது என்னென்ன மருந்துகள் இருக்கின்றன? யாருக்கு எது வேலை செய்யும்? விரிவாகப் பார்க்கலாம்.

மூளையில் கட்டி என்றாலே புற்றுநோயா?

இல்லை. மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் 'மெனிஞ்சியோமா' போன்ற கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பலர் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டாலும் அதில் இரண்டு வகை உண்டு. நுரையீரல், மார்பகம் போன்ற வேறு உறுப்பில் தொடங்கி மூளைக்குப் பரவுவது ஒரு வகை. மூளையிலேயே தொடங்குவது இன்னொரு வகை. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. பரவிவந்த கட்டிக்கு, அது எந்த உறுப்பில் தொடங்கியதோ அந்தப் புற்றுநோய்க்கான மருந்தைத்தான் மருத்துவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

மூளையிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் பெரியவர்களுக்கு அதிகம் வருவது 'கிளையோபிளாஸ்டோமா'. நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் 'கிளையல்' செல்களோடு தொடர்புடைய கட்டி இது. உலக சுகாதார நிறுவனம் மூளைக் கட்டிகளை வீரியத்தைப் பொறுத்து 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. கிளையோபிளாஸ்டோமா 4-வது தரம், அதாவது மிக வேகமாக வளரக்கூடியது.

கட்டியை ஆபரேஷனில் எடுத்த பிறகும் மருந்து எதற்கு?

'ஆபரேஷன்லதான் கட்டியை முழுசா எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு கீமோ?' நோயாளியின் குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட.

கிளையோபிளாஸ்டோமா ஒரு நெல்லிக்காய் மாதிரி தனியாக உருண்டு இருப்பதில்லை. வேர் விடுவதுபோல அதன் செல்கள் ஆரோக்கியமான மூளைத் திசுவுக்குள் ஊடுருவிச் செல்கின்றன. ஸ்கேனில் தெரிவது கட்டியின் மையப் பகுதி மட்டுமே. அதைச் சுற்றிப் பரவிவிட்ட செல்கள் ஸ்கேனுக்கும் தெரியாது, மைக்ராஸ்கோப் வைத்து ஆபரேஷன் செய்யும் மருத்துவரின் கண்ணுக்கும் தெரியாது.

இதை மருத்துவ உலகம் கசப்பான அனுபவத்தின் மூலமே தெரிந்துகொண்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர் வால்டர் டாண்டி, இத்தகைய கட்டி இருந்த சில நோயாளிகளுக்கு மூளையின் வலது பாதியையே அகற்றினார். ஏற்கெனவே கை, கால் செயலிழந்துபோனவர்கள் அவர்கள். 1928-ல் இதைப் பற்றி அவர் எழுதினார். அவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும் நோய் திரும்பி வந்தது.

அதனால்தான் இன்றைய சிகிச்சை மூன்று கட்டமாக இருக்கிறது. பாதுகாப்பாக எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவு கட்டியை எடுப்பது முதல் கட்டம். மிச்சம் இருக்கும் செல்களைக் கதிர்வீச்சால் தாக்குவது இரண்டாவது. அதோடு சேர்த்தும் அதன் பிறகும் மருந்து கொடுப்பது மூன்றாவது.

மருந்து மூளைக்குள் போவதில் என்ன சிக்கல்?

ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிச், 1885-ல் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லா உறுப்புகளிலும் சாயம் ஏறியது, மூளையில் மட்டும் ஏறவில்லை. மூளைத் திசுவுக்குச் சாயத்தைப் பிடித்துவைக்கும் தன்மை இல்லை என்று அவர் நினைத்தார்.

அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மேன் 1913-ல் சோதனையை மாற்றிச் செய்தார். ரத்தத்துக்குப் பதிலாக, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தில் சாயத்தைச் செலுத்தினார். இந்த முறை மூளையில் சாயம் ஏறியது, மற்ற உறுப்புகளுக்குப் போகவில்லை. அப்படியென்றால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது என்பது புரிந்தது.

இதைத்தான் 'ரத்த-மூளைத் தடுப்பு' என்கிறார்கள். உடலின் மற்ற இடங்களில் ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்கும். மூளையிலோ அந்தச் செல்கள் சிமென்ட் பூசிய செங்கல் சுவர் மாதிரி நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. போதாததற்கு, தப்பித்தவறி உள்ளே நுழைந்த பொருளைத் திரும்பவும் ரத்தத்துக்கே தள்ளிவிடும் புரதப் பம்புகளும் அங்கே உண்டு.

கிருமிகளிடமிருந்தும் நச்சுகளிடமிருந்தும் மூளையைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆனால், மற்ற புற்றுநோய்களுக்கு நன்றாக வேலை செய்யும் பல கீமோ மருந்துகளையும் இதே தடுப்பு வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கட்டியின் மையத்தில் இந்தச் சுவர் ஓரளவு சேதமாகியிருப்பதால் மருந்து கசிந்து உள்ளே போகும். சிக்கல் என்னவென்றால், ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமிருக்கும் செல்கள் ஒளிந்திருப்பது சுவர் உறுதியாக இருக்கும் பகுதிகளில்தான்.

டெமோசோலோமைடு எங்கிருந்து வந்தது?

இந்தத் தடுப்பைத் தாண்டக்கூடிய மருந்துகளில் முக்கியமானது டெமோசோலோமைடு. பிரிட்டனின் பர்மிங்காம் நகரில் உள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மால்கம் ஸ்டீவன்ஸ் தலைமையிலான குழு உருவாக்கியது.

அந்தக் குழு முதலில் சோதனைக்கு அனுப்பியது 'மிட்டோசோலோமைடு' என்ற வேறொரு மருந்து. ஆய்வகத்தில் பிரமாதமாக வேலை செய்த அது, மனிதர்களுக்குக் கொடுத்தபோது எலும்பு மஜ்ஜையைக் கடுமையாகப் பாதித்ததால் கைவிடப்பட்டது. அதன் அமைப்பில் சிறிய மாற்றம் செய்து வந்ததுதான் டெமோசோலோமைடு. 1987-ல் மனிதர்களிடம் முதல் சோதனை தொடங்கியது.

லண்டனின் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் எட்வர்ட் நியூலாண்ட்ஸ் குழு இதைச் சோதித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. மொத்த மருந்தையும் ஒரே தடவையில் கொடுத்தால் பெரிய பலன் இல்லை. அதையே பிரித்து 5 நாட்களுக்குக் கொடுத்தால் சில நோயாளிகளின் கட்டி சுருங்கியது. இன்றும் 5 நாள் கணக்கில் இந்த மாத்திரை கொடுக்கப்படுவதற்கு அந்தச் சோதனைதான் அடிப்படை.

1999-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அப்போது, சிகிச்சைக்குப் பிறகு திரும்பிவந்த சில வகைக் கட்டிகளுக்கு மட்டுமே.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது?

வயிற்றில் இருக்கும் அமிலத்தில் இது சிதைவதில்லை, அதனால் ஊசி தேவையில்லை, கேப்சூலாகவே விழுங்கலாம். ரத்தத்தில் கலந்ததும் அங்கிருக்கும் காரத்தன்மையே இதை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றிவிடும். அளவில் சிறிய மூலக்கூறு என்பதால் மூளைக்குள்ளும் ஒரு பகுதி போய்ச் சேர்கிறது.

உள்ளே போனதும் புற்றுநோய் செல்லின் டிஎன்ஏவில் 'மெத்தில்' எனும் சிறு வேதிக் குழுவை ஒட்டவைக்கிறது. சட்டையில் பட்டனை மாற்றிப் போட்டதுபோல, அதன் பிறகு டிஎன்ஏவை நகல் எடுக்கும்போது எழுத்துகள் தப்பாகவே பொருந்தும். செல் அதைச் சரிசெய்யப் பார்க்கும், முடியாது. திரும்பத் திரும்ப முயன்று கடைசியில் செல் இறந்துவிடும்.

2005-ல் என்ன மாறியது?

ஐரோப்பாவிலும் கனடாவிலும் 85 மருத்துவ மையங்களில், புதிதாக கிளையோபிளாஸ்டோமா கண்டறியப்பட்ட 573 பேரிடம் பெரிய சோதனை ஒன்று நடந்தது. ரோஜர் ஸ்டுப் என்ற மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். பாதி பேருக்கு கதிர்வீச்சு மட்டும். மீதி பேருக்கு கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு.

2005-ல் வெளியான முடிவு இது:

- கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதங்கள்
- மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதங்கள்
- 2 ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள்: கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 10.4%, மாத்திரை பெற்றவர்களில் 26.5%
- 5 ஆண்டுகளுக்குப் பிறகு (பின்னர் தனியாக வெளியான முடிவு): 1.9% மற்றும் 9.8%

'வெறும் இரண்டரை மாதத்துக்கா இவ்வளவு?' என்று தோன்றலாம். 'இடைநிலை ஆயுள்' என்பதைப் புரிந்துகொண்டால் இந்த எண் வேறு மாதிரி தெரியும். பாதி பேர் அந்தக் காலத்துக்கு முன்பே இறந்தார்கள், பாதி பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். ஒவ்வொரு நோயாளிக்கும் குறிக்கப்பட்ட கெடு அல்ல. 2 ஆண்டுகளைத் தாண்டியவர்கள் பத்தில் ஒருவர் என்ற நிலையிலிருந்து நான்கில் ஒருவர் என்ற நிலைக்கு வந்தது. இந்த நோயில் அதற்கு முன் எந்த மருந்தும் அதைச் செய்யவில்லை.

அன்றிலிருந்து 'ஸ்டுப் முறை' என்ற பெயரில் உலகம் முழுக்க இதுவே முதல் சிகிச்சையாக இருக்கிறது.

ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை?

அந்த 573 பேரில் சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். சிலருக்கு மாத்திரை கொடுத்தும் கொடுக்காததுபோலவே இருந்தது. காரணம் கட்டிக்குள்ளேயே இருந்தது. சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் மோனிகா ஹெகி தலைமையிலான குழு அதைத் தேடிப் பிடித்தது.

நம் செல்களில் 'எம்ஜிஎம்டி' என்று ஒரு புரதம் உண்டு. டிஎன்ஏவில் தேவையில்லாமல் ஒட்டிய மெத்தில் குழுவைப் பிய்த்து எறிவதுதான் அதன் வேலை. டெமோசோலோமைடு என்ன செய்கிறதோ அதை அப்படியே அழித்துச் சரிசெய்யும் பழுதுபார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டியில் இந்தப் புரதம் நிறைய இருந்தால் மாத்திரையின் உழைப்பு வீண்.

சிலருடைய கட்டியில், இந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவின் சுவிட்ச் இயற்கையாகவே அணைந்திருக்கும். இதை 'எம்ஜிஎம்டி மெத்திலேஷன்' என்பார்கள். பரிசோதித்த 206 பேரின் கட்டிகளில் 45% இந்த வகை. இவர்களில் மாத்திரையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 46% பேர் 2 ஆண்டுகளைத் தாண்டினார்கள். சுவிட்ச் அணையாத கட்டி உள்ளவர்களில் அதே சிகிச்சை பெற்று 2 ஆண்டுகளைத் தாண்டியவர்கள் சுமார் 14% மட்டுமே.

ஆக, ஒரே பெயர் கொண்ட நோய், ஒரே மாத்திரை, ஆனால் கட்டியின் மரபணுவைப் பொறுத்து பலன் மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவது இதனால்தான் முக்கியம்.

'மெத்திலேஷன் இல்லை' என்று முடிவு வந்தால் மாத்திரையே வேண்டாமா? அப்படிச் சட்டென்று முடிவு செய்ய முடியாது. அதைவிடச் சிறந்த மாற்று மருந்து இல்லாததால் பல மருத்துவர்கள் இவர்களுக்கும் இதையே கொடுக்கிறார்கள். ஆனால் மிகவும் வயதானவர், உடல் ரொம்பவும் தளர்ந்தவர் என்றால் இந்த முடிவு சிகிச்சையையே மாற்றும். மெத்திலேஷன் இருந்தால் கதிர்வீச்சு இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுக்கலாம். இல்லையென்றால் குறுகிய காலக் கதிர்வீச்சு மட்டும் போதும் என்று மருத்துவர் சொல்லலாம்.

சிகிச்சை எத்தனை நாள்? பக்க விளைவுகள் என்ன?

முதல் 6 வாரம்: திங்கள் முதல் வெள்ளி வரை கதிர்வீச்சு, மொத்தம் 30 தடவை. டெமோசோலோமைடு வாரத்தில் 7 நாளும் குறைந்த அளவில்.

பிறகு சுமார் 4 வாரம் ஓய்வு.

அதன் பிறகு: 28 நாள் ஒரு சுற்று. அதில் முதல் 5 நாள் மட்டும் கூடுதல் அளவில் மாத்திரை, 23 நாள் இடைவெளி. வழக்கமாக 6 சுற்றுகள்.

மாத்திரையின் அளவு நோயாளியின் உயரம், எடையை வைத்துக் கணக்கிடப்படும். அதனால் பக்கத்துப் படுக்கை நோயாளியின் அளவோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டியதில்லை. வாந்தி குறைய வெறும் வயிற்றில், பெரும்பாலும் இரவு படுக்கும் முன் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் கலந்து கொடுக்கக் கூடாது. அந்தப் பொடி எடுத்துக் கொடுப்பவரின் தோலில் படுவதும் மூச்சில் போவதும் ஆபத்து.

குமட்டல், மலச்சிக்கல், கடுமையான சோர்வு ஆகியவை அதிகம் காணப்படும் பக்க விளைவுகள். இவற்றைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ரத்த அணுக்கள் குறைவதை. வெள்ளை அணுக்கள் குறைந்தால் தொற்று வரும், தட்டணுக்கள் குறைந்தால் ரத்தக் கசிவு வரும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்தப் பரிசோதனை. கதிர்வீச்சுக் காலத்தில் ஒரு வகை நிமோனியா வராமல் தடுக்கத் தனி மாத்திரையும் தரப்படுவதுண்டு. காய்ச்சல் வந்தால் 'சாதாரணக் காய்ச்சல்தானே' என்று வீட்டிலேயே மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும்.

இதோடு சேர்த்து வேறு இரண்டு மருந்துகளும் பலருக்குத் தரப்படும். ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைப்பதால், சில நாட்களிலேயே தலைவலி தணிந்து, பேச்சு தெளிவாவதுகூட உண்டு. ஆனால் இது புற்றுநோயைக் கொல்லும் மருந்து அல்ல. நீண்ட நாள் எடுத்தால் சர்க்கரை ஏறும், தசை பலவீனமாகும். தானாக நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொன்று வலிப்பு வந்தவர்களுக்கான வலிப்புத் தடுப்பு மருந்து.

ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால் மருந்து தோற்றுவிட்டதா?

கதிர்வீச்சு முடிந்து எடுக்கும் முதல் ஸ்கேனைப் பார்த்துப் பல குடும்பங்கள் இடிந்துபோகின்றன. கட்டி முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். நோய் உண்மையிலேயே வளர்ந்திருக்கலாம். ஆனால் சிகிச்சையால் ஏற்பட்ட அழற்சியும் ஸ்கேனில் அப்படியே தெரியக்கூடும். இதை 'போலி வளர்ச்சி' என்கிறார்கள். முதல் 3 மாதங்களில் இது அதிகம்.

எனவே அந்த ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து, மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடுவது அவசரமான முடிவாக இருக்கலாம். நோயாளியின் நிலை மோசமாகவில்லை என்றால் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே சில வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

வேறு மருந்துகளே இல்லையா?

இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லையும் இருக்கிறது.

கார்முஸ்டின் வில்லை: தடுப்புச் சுவரைத் தாண்டுவதே பிரச்சினை என்றால், மருந்தை நேரடியாக மூளைக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? இந்த யோசனையில் பிறந்தது இது. கட்டியை எடுத்த பள்ளத்தில், மருந்து கலந்த சிறு வில்லைகளை மருத்துவர் பதித்துவிடுவார். அவை மெல்லக் கரைந்து மருந்தை வெளிவிடும். அமெரிக்காவில் 1996-ல் அனுமதி கிடைத்தது. பலன் ஓரளவுதான். புண் ஆறாமை, தொற்று போன்ற சிக்கல்களும் உண்டு.

லோமுஸ்டின்: 1970-களிலிருந்து இருக்கும் பழைய மாத்திரை. நோய் திரும்பி வரும்போது இன்றும் பயன்படுகிறது.

பெவசிசுமாப்: கட்டி தனக்காகப் புது ரத்தக் குழாய்களை உருவாக்குவதைத் தடுக்கும் ஊசி மருந்து. 2009-ல் அமெரிக்கா, திரும்பிவந்த கிளையோபிளாஸ்டோமாவுக்கு இதை அனுமதித்தது. ஸ்கேனில் கட்டி சட்டென்று குறைந்ததுபோல் தெரியும், வீக்கம் வடியும், ஸ்டீராய்டு அளவைக் குறைக்க முடியும். ஆனால் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் 2014-ல் வெளியானபோது, ஆயுள் கூடவில்லை என்பது தெரிந்தது. நோயின் வேகம் தள்ளிப்போனது, வாழ்நாள் நீளவில்லை. விலை உயர்ந்த இந்த ஊசிக்காகக் கடன் வாங்கும் முன், இது ஆயுளைக் கூட்டவா அல்லது அறிகுறிகளைக் குறைக்கவா என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இம்யூனோதெரபி: தோல், நுரையீரல் புற்றுநோய்களில் புரட்சி செய்த நிவோலுமாப், திரும்பிவந்த கிளையோபிளாஸ்டோமா உள்ள 369 பேரிடம் பெவசிசுமாப்புக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. இடைநிலை ஆயுள் 9.8 மாதங்கள், பெவசிசுமாப் தரப்பில் 10 மாதங்கள். எந்த லாபமும் இல்லை. இந்தக் கட்டி, தன்னைச் சுற்றி நோய் எதிர்ப்பு சக்தியை மந்தமாக்கி வைத்திருப்பது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

எல்லா மூளைப் புற்றுநோயும் இவ்வளவு கொடியதா?

இல்லை. கட்டியின் சரியான பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும்.

'ஒலிகோடெண்ட்ரோகிளையோமா' என்ற கட்டியும் கிளையோமா குடும்பம்தான். 1, 19 ஆகிய குரோமோசோம்களின் குறிப்பிட்ட பகுதிகள் இழக்கப்பட்டிருப்பது இதன் அடையாளம். இதன் 3-வது தர நோயாளிகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.3 ஆண்டுகள். புரோகார்பசின், லோமுஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற மூன்று பழைய கீமோ மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.7 ஆண்டுகள். இங்கே கணக்கு மாதங்களில் அல்ல, ஆண்டுகளில்.

மூளையில் வரும் 'லிம்ஃபோமா' கட்டிக்கு, கட்டியை வெட்டி எடுப்பதே முக்கிய சிகிச்சை அல்ல. அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் மருந்துதான் முதல் ஆயுதம். குழந்தைகளுக்கு வரும் 'மெடுல்லோபிளாஸ்டோமா'வில், ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ மூன்றும் சேரும்போது, நோய் பரவாத நிலையில் உள்ள குழந்தைகளில் பெரும்பாலானோர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

புதிதாக என்ன வந்திருக்கிறது?

அண்மையில் வந்த வெற்றிகள் எல்லாம் ஒரு பாதையில்தான் கிடைத்தன. எல்லோருக்கும் ஒரே மருந்து தேடாமல், குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ள கட்டிக்குக் குறிப்பிட்ட மருந்து.

வோராசிடெனிப்: சில கிளையோமாக்களில் 'ஐடிஎச்' என்ற மரபணு மாறியிருப்பது 2008-ல் தெரியவந்தது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை இது. 2-வது தரக் கட்டி உள்ள 331 பேரிடம் சோதித்ததில், நோய் வளராமல் இருந்த காலம் 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீண்டது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்தது. கதிர்வீச்சையும் கீமோவையும் தள்ளிப்போட முடிவது இளம் நோயாளிகளுக்குப் பெரிய விஷயம். ஆனால் கிளையோபிளாஸ்டோமாவில் இந்த மரபணு மாற்றம் இருக்காது என்பதால் அங்கே இந்த மருந்து பயன்படாது.

டபிராஃபெனிப், ட்ராமெடினிப்: 'பிராஃப்' மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ள, வீரியம் குறைந்த கிளையோமா கொண்ட குழந்தைகளுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்க 2023-ல் அமெரிக்கா அனுமதித்தது.

டோர்டாவிப்ரோன்: மூளைத்தண்டு போன்ற ஆபரேஷன் செய்ய முடியாத நடுப்பகுதியில், பெரும்பாலும் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்கும் ஒரு கொடிய கிளையோமாவுக்கானது. 2025 ஆகஸ்டில் துரித அனுமதி பெற்றது. ஆய்வில் கணக்கிடப்பட்ட 50 பேரில் 22% பேருக்குக் கட்டி சுருங்கியது. ஐந்தில் ஒருவருக்குத்தானே என்று தோன்றலாம். அதற்கு முன் இந்தக் கட்டிக்கென்று அனுமதிக்கப்பட்ட ஒரு மருந்துகூட இல்லை.

கிளையோபிளாஸ்டோமாவுக்கு 'கார்-டி' எனும் செல் சிகிச்சையும் சோதனையில் இருக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 3 நோயாளிகளுக்கு, மாற்றியமைக்கப்பட்ட நோய் எதிர்ப்பு செல்களை மூளைத் திரவத்திலேயே செலுத்தியபோது, சில நாட்களில் கட்டி வியக்கத்தக்க அளவு சுருங்கியது. ஆனால் அவர்களில் இருவருக்கு விரைவிலேயே நோய் திரும்பியது. இன்னும் ஆரம்பக் கட்டம்தான்.

குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்க வேண்டியது என்ன?

- கட்டியின் முழுப் பெயரும் தரமும் என்ன?
- எம்ஜிஎம்டி, ஐடிஎச் பரிசோதனைகள் செய்தாகிவிட்டதா? தேவைப்பட்டால் 1பி/19க்யூ, பிராஃப் பரிசோதனைகள்?
- இந்த மருந்து எதற்கு? ஆயுளை நீட்டவா, நோயைத் தள்ளிப்போடவா, அறிகுறியைக் குறைக்கவா?
- வயது, உடல்நிலை பார்த்தால் முழு 6 வாரச் சிகிச்சையைத் தாங்க முடியுமா? குறுகிய கால முறை சரிவருமா?
- சேரக்கூடிய மருத்துவ ஆய்வு ஏதாவது நடக்கிறதா?
- வலி, வலிப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான ஆதரவு சிகிச்சையை இப்போதே தொடங்கலாமா?

ஆபரேஷனில் எடுத்த திசுவை மருத்துவமனைகள் பாரஃபின் மெழுகில் பதித்துப் பாதுகாப்பார்கள். ஆபரேஷன் நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தாலும் அந்தத் திசுவை வைத்தே மரபணுப் பரிசோதனை செய்ய முடியும். அதனால் 'விட்டுப்போச்சே' என்று கவலைப்பட வேண்டாம், கேட்டுப் பார்க்கலாம்.

செலவு விஷயத்தில் ஒரு ஆறுதல் உண்டு. டெமோசோலோமைடை இந்திய நிறுவனங்கள் பல தயாரிக்கின்றன. தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இது இருப்பதால் இதற்கு அரசு உச்சவரம்பு விலை நிர்ணயிக்கிறது. அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சேருமா என்பதை சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

20 ஆண்டுகளாக இந்த மாத்திரையை எந்த மருந்தும் இடம்பெயர்க்கவில்லை என்பது உண்மை. அதே 20 ஆண்டுகளில், 'மூளைப் புற்றுநோய்' என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது உண்மையில் பல நோய்கள் என்பதும், அவற்றில் சில மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும் என்பதும் தெளிவாகிவிட்டது. தன் கட்டி அதில் எது என்று தெரிந்துகொள்வது ஒவ்வொரு நோயாளியின் உரிமை. அதற்கு வழி, கட்டித் திசுவின் அந்தப் பரிசோதனை அறிக்கை.

(இந்தக் கட்டுரை பொதுவான விளக்கத்துக்காக மட்டுமே. மருந்து, அளவு, சிகிச்சை தொடர்பான எந்த முடிவையும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும்.)